மலைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விடுக்கப்படும்போது

குளிர்காலத்தில் மேற்கு இமயமலைப் பகுதிகளுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை விடுக்கும் எச்சரிக்கைகள் தமிழ்நாட்டு வாசகருக்கு அந்நியமாகத் தோன்றமாட்டா. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்கும் கடலூருக்கும் அறிவிக்கப்படும் அதே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள்தாம் காஷ்மீரின் குல்மார்க்குக்கும் இமாசலப் பிரதேசத்தின் மணாலிக்கும் பயன்படுகின்றன. ஆயினும் அந்த நிறங்களுக்குப் பின்னால் இருக்கும் அளவு, பனியைப் பொறுத்தவரை வேறு பொருள் கொள்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது கனமழை எனப்படுகிறது. வடிகால் சரியாக இருக்கும் ஊரில் அந்த நீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதே அளவு நீர் பனியாக விழுமாயின், ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரத்துக்கு, அதாவது வளர்ந்த மனிதரின் முழங்காலுக்கு மேல், குவிந்து அங்கேயே கிடக்கும். பயணியும் பனிச்சறுக்குக்குச் செல்பவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே: முன்னறிவிப்பு எவ்வளவு விழும் என்பதைச் சொல்கிறது, விழுந்தது சாலையிலும் சரிவிலும் அடுத்து வரும் நாள்களில் என்ன செய்யும் என்பதை வேறு அறிக்கைகளிலிருந்து தேடி அறிய வேண்டியிருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் நீர் ஒரு சென்டிமீட்டர் பனியாகும் என்ற பத்து மடங்குக் கணக்கு, தோராயமான கைக்கணக்கே. வெப்பநிலை சுழியம் டிகிரியை ஒட்டி இருக்கும்போது விழும் ஈரப்பனி ஐந்து அல்லது ஆறு மடங்கு உயரமே பெறும். உறைநிலைக்குப் பல டிகிரி கீழே விழும் உலர்ந்த பனி பதினைந்து, இருபது மடங்கு வரையிலும் உயரும். பனிச்சறுக்கு வீரர்கள் விரும்பித் தேடுவது இந்த உலர்ந்த, காற்று நிறைந்த பொடிப்பனியைத்தான். ஈரப்பனி உயரத்தில் குறைந்தாலும் எடையில் குறைவதில்லை. மரக்கிளைகளை முறிப்பதும், மின்கம்பிகளை அறுப்பதும், வாகனச் சக்கரத்தின் கீழ் நசுங்கி இரவில் வழுக்கும் பாளமாக உறைவதும் அதுவே. எனவே 'கனத்த பனிப்பொழிவு' என்ற சொல்லை வெப்பநிலையோடு சேர்த்துப் படிக்காதவருக்கு முன்னறிவிப்பின் பாதிச் செய்தியே கிடைக்கிறது.

மேற்கு இமயமலையின் குளிர்காலப் பனிக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் காற்றழுத்தத் தாழ்வு நிலையாகும். மத்தியதரைக் கடலை ஒட்டிய பகுதிகளில் உருவாகி, வளிமண்டலத்தின் மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் காற்றோட்டத்தில் ஏறி, ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் கடந்து வரும் இந்த அமைப்பு, வழியில் சேர்த்த ஈரத்தைப் பீர் பஞ்சால் போன்ற மலைத்தொடர்களில் மோதி மேலெழும்போது பனியாகக் கொட்டுகிறது. பல நாள் பயணம் செய்து வருவதால் அதன் வருகையை நான்கைந்து நாள்களுக்கு முன்பே கணிக்க முடிகிறது; எந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு விழும் என்பது கடைசி ஓரிரு நாள்களில்தான் தெளிவடைகிறது. ஒரு வாரத்துக்கு முன்பே 'ஒரு மீட்டர் பனி' என்று கைப்பேசிச் செயலிகள் காட்டும் எண்ணை நம்பி விமானச்சீட்டு வாங்குவது அறிவுடைமை ஆகாது.

உயரமும் கணக்கில் சேர வேண்டும். மேலே செல்லச் செல்ல வெப்பநிலை ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பிவட ஊர்தியின் இரண்டு கட்டங்களில் ஏறினால் அபர்வத் மலையின் தோளில், ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில், இறங்கலாம். இடைப்பட்ட 1,300 மீட்டருக்கு வெப்பநிலை வேறுபாடு எட்டு டிகிரிக்கும் மேல் என்பதால், கீழே தூறலாகவோ ஈரப்பனியாகவோ விழுவது மேலே உலர்ந்த பொடிப்பனியாக விழக்கூடும். ஊரின் பெயருக்குத் தரப்படும் முன்னறிவிப்பு அந்த ஊரின் உயரத்துக்கு உரியது. மலையுச்சிக்கு உரியது அன்று.

சாலைப் பயணிகளைப் பொறுத்தவரை, முன்னறிவிப்பைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்குப் பாகிஸ்தானின் மர்ரீ நகரில் 2022 ஜனவரியில் நிகழ்ந்த துயரத்தைவிடக் கொடிய சான்று அண்மைக்காலத்தில் இல்லை. இஸ்லாமாபாத்துக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த மலைவாழிடத்துக்குக் கனத்த பனி வரும் என்று அந்நாட்டு வானிலைத் துறை முன்கூட்டியே அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பே பனியைக் காணும் ஆவலைத் தூண்டியதுபோல், தாங்கும் அளவுக்கு மீறிய வாகனங்கள் மலையேறின. ஜனவரி 7 இரவு பனியும், முறிந்து விழுந்த மரங்களும் சாலையை அடைத்தன. பின்னால் வந்த வாகனங்கள் நெருக்கியதால் பனி அகற்றும் இயந்திரங்களும் உள்ளே நுழைய முடியவில்லை. பொழுது விடிந்தபோது வாகனங்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்து கிடந்தனர். அவர்களில் குழந்தைகளும் பலர்.

அவர்களில் பலரது இறப்புக்குக் கார்பன் மோனாக்சைடு வாயுவே காரணமாகக் கருதப்பட்டது. நின்றுவிட்ட வாகனத்தில் வெப்பம் வேண்டி இன்ஜினை ஓடவிடும்போது, உயர்ந்துவரும் பனி புகைபோக்கிக் குழாயை மூடிவிட்டால், வெளியேற வேண்டிய வாயு அடிப்பகுதி வழியே உள்ளே கசிகிறது. நிறமும் மணமும் அற்ற அந்த வாயு, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைந்துவிடுவதால், மூச்சுத் திணறலே தெரியாமல் உறக்கம் போன்ற மயக்கம் வருகிறது. பனியில் சிக்கிக்கொண்டவர் இன்ஜினைத் தொடர்ந்து ஓடவிடாமல் மணிக்குப் பத்து நிமிடம் அளவில் மட்டும் இயக்குவதும், ஒவ்வொரு முறையும் அதற்கு முன் இறங்கிப் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியைக் கையாலேனும் அள்ளி அகற்றுவதும், காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை விரற்கடை அளவு திறந்துவைப்பதும் உயிர் காப்பவை. இந்தச் சிறு செய்தி சுற்றுலா நிறுவனங்களின் பயணக் குறிப்புகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பது வருந்தத்தக்கது. விடுதி அறையில் எரியும் புகாரி என்னும் விறகடுப்புக்கும் கரியடுப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காற்றோட்டமற்ற அறையில் அவற்றை எரியவிட்டு உறங்கலாகாது.

ஸ்ரீநகரில் தொடங்கிக் கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே இமயமலையைக் கடக்கும் பகுதியில் குளிர்காலத்தில் பலமுறை மூடப்படுகிறது. பனிஹால் கணவாயைக் கடப்பதை 2021-இல் திறக்கப்பட்ட 8.45 கிலோமீட்டர் சுரங்கச் சாலை எளிதாக்கியிருந்தாலும், ராம்பன் பகுதியில் மழையும் பனியும் தளர்த்திவிடும் கற்களும் மண்ணும் இன்றும் சாலையில் சரிகின்றன. மணாலிக்கு வடக்கே 2020-இல் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம், 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயைத் தவிர்த்துச் செல்ல வழிசெய்துவிட்டது. ஆனால் சுரங்கத்துக்குள் பனி விழாது என்றாலும், அதன் வாயில்களுக்குச் செல்லும் சாலை திறந்தவெளியில்தான் செல்கிறது. 2024 டிசம்பர் இறுதியில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே பெரும் எண்ணிக்கையிலான வாகனங்கள் சிக்கிக்கொண்டு, பயணிகளைக் காவல் துறையினர் இரவெல்லாம் மீட்க நேர்ந்தது. புத்தாண்டு விடுமுறையும் முதற்பனியும் ஒரே வாரத்தில் வரும்போது இந்த நெரிசல் ஏறத்தாழ உறுதி எனக் கொள்ளலாம். அத்தகைய நாள்களில் தங்மார்க்கிலிருந்து குல்மார்க் செல்லும் மலைச்சாலையில் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளும், டயரில் சங்கிலி கட்டிய வண்டிகளும் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. விமானமும் தப்புவதில்லை, ஓடுபாதையின் பனியை அகற்றிய பிறகும் பார்வைத் தூரம் குறைவாக இருந்தால் ஸ்ரீநகர் விமானங்கள் இரத்தாகின்றன. பீர் பஞ்சாலை 11 கிலோமீட்டர் சுரங்கத்தில் 2013 முதல் கடக்கும் ரயிலே பனிக்காலத்தில் ஓரளவு நம்பத்தக்கதாக இருக்கிறது. 2025 ஜூன் மாதம் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகர் வரை நேரடி ரயிலும் ஓடுகிறது.

பனிச்சறுக்குக்குச் செல்வோருக்கான ஆபத்து வேறு வகையானது. அது பெரும்பாலும் பனி நின்று வானம் வெளுத்த முதல் நாளில் உச்சம் அடைகிறது. மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரே திரளாக இல்லாமல், ஒவ்வொரு பொழிவும் தனித்தனி அடுக்காகப் படிந்து உருவாகியிருக்கிறது. அவற்றுள் ஏதேனும் ஓர் அடுக்கு பலவீனமாக இருந்து, அதன்மேல் புதுப்பனி கனமாகக் குவிந்தால், ஒரு மனிதரின் எடையே அந்த அடுக்கை நொறுக்கப் போதுமானது. விரிசல் கணப்பொழுதில் சரிவின் குறுக்கே ஓட, மேலே இருந்த பனி முழுவதும் பாளமாகப் பெயர்ந்து கீழிறங்குகிறது. இதுவே பாளச் சரிவு. பனிச்சறுக்கு வீரர்களைக் கொல்வது பெரும்பாலும் இந்த வகைதான். 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள சரிவுகளில் இது அதிகம் நிகழ்கிறது. சறுக்குவதற்கு மிகவும் உவப்பான சாய்வும் அதுவே. உயிரிழப்பில் முடியும் விபத்துகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சரிவைத் தூண்டிவிடுபவர் சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான் என்பது பல நாடுகளின் பதிவுகளில் காணப்படும் உண்மை. பொழிவின் அளவு குறைவாக இருந்தாலும், பலத்த காற்று மலைமுகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் பல மடங்கு குவித்துவிட முடியும் என்பதால், பனியின் சென்டிமீட்டரோடு காற்றின் வேகத்தையும் திசையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுக்குகளின் உறுதியைப் பயிற்சி பெற்றவர்கள் நேரடியாகவே சோதிக்கிறார்கள். சரிவில் ஒரு குழி வெட்டி, அதன் சுவரில் முப்பது சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் கொண்ட பனித்தூண் ஒன்றைத் தனியே பிரித்து, அதன் தலையில் மண்வாரியின் தட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து முறையும், முழங்கையிலிருந்து பத்து முறையும், தோளிலிருந்து பத்து முறையும் தட்டுகிறார்கள். மணிக்கட்டுத் தட்டிலேயே தூண் வழுக்கிப் பிளந்தால் அந்தச் சரிவு தொடத்தக்கதன்று. எனினும் பிளக்காதது மட்டுமே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது, ஏனெனில் பத்து மீட்டர் தள்ளி நிலைமை மாறியிருக்கக்கூடும்.

இந்தியாவில் பனிச்சரிவு எச்சரிக்கையை வழங்கும் பொறுப்பு, பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் சண்டீகரில் இயங்கும் பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது. ஒரு படைத்துறை ஆய்வகம் இப்பணியைச் செய்வதன் காரணம் வெளிப்படையானது; அந்த உயரங்களில் ஆண்டு முழுவதும் இருப்பவர்கள் வீரர்களே. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டினர் உள்ளிட்ட பத்து வீரர்கள் பனிச்சரிவுக்குப் பலியான நிகழ்வு தமிழ்நாட்டிலும் ஆழ்ந்த துயரத்தை ஏற்படுத்தியது. இந்நிறுவனத்தின் எச்சரிக்கைகள், குறிப்பிட்ட மாவட்டத்தில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் அடுத்த 24 மணி நேரத்துக்கு ஆபத்து எந்த நிலையில் உள்ளது என்ற வடிவில் அமைகின்றன. உலகெங்கும் வழங்கும் ஐந்து படி அளவுகோலில் மூன்றாவது படி நடுவில் இருப்பதால் அதை நடுத்தரமானது எனப் பலர் எண்ணிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலைகளில் உயிரிழப்புகள் மிகுதியாக நேர்வது அந்த மூன்றாம் படியில்தான். நான்கிலும் ஐந்திலும் மக்கள் அஞ்சி விலகிக்கொள்கிறார்கள், மூன்றில் துணிந்து செல்கிறார்கள்.

குல்மார்க்கின் சிறப்பும் ஆபத்தும் இங்கேதான் சந்திக்கின்றன. அபர்வத்தில் பனிச்சறுக்குக் காவல் குழு சோதித்துத் திறக்கும் எல்லைக்குள் ஒரு பகுதியும், அதற்கு அப்பால் எந்தக் காவலும் இல்லாத பரந்த சரிவுகளும் உள்ளன. கனத்த பொழிவுக்குப் பிறகு கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் மூடப்பட்டிருப்பது இச்சோதனைகளுக்காகவும் பலத்த காற்றுக்காகவும்தான். 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்ய நாட்டவர் ஒருவரும் குல்மார்க்கின் உயர்சரிவுகளில் பனிச்சரிவில் உயிரிழந்தனர். புதையுண்டவரை முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் அந்த வாய்ப்பு மூன்றில் ஒன்றாகச் சரிகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் இந்த நேரம் கடந்துவிடும் என்பதால், காக்கக்கூடியவர் உடன் சறுக்குபவர் மட்டுமே. சமிக்ஞை அனுப்பிப் பெறும் கருவி, துழாவும் நீள்கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் சுமந்து, பயன்படுத்தப் பழகியிருக்க வேண்டும்.

பனிச்சரிவு சறுக்கு வீரர்களுக்கு மட்டும் உரிய கவலையன்று. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா சாலையின் பதினைந்தாவது மைல் அருகே சுற்றுலாப் பயணிகள் ஏழு பேர் பனிச்சரிவில் மாண்டனர். பதின்மூன்றாவது மைல் வரை செல்லவே அனுமதி வழங்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர்.

காஷ்மீர் மக்கள் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள்களைச் 'சில்லாய் கலான்' என்று அழைக்கிறார்கள். அந்த நாள்களின் கடுங்குளிரில் விழும் பனியே நிலைத்து நின்று கோடைக்கு நீராகிறது. அண்மை ஆண்டுகளில் இந்த ஒழுங்கு குலைந்து காணப்படுகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் புல்வெளி பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது. பிப்ரவரியில்தான் பெரும்பொழிவு வந்தது. 2025-இல் பனி போதாமையால் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் கனத்த பொழிவு விடுதி உரிமையாளருக்கும் சறுக்கு வீரருக்கும் பெருமகிழ்ச்சி தருவது இயல்பே. ஆனால் மெல்லிய பழம்பனி தெளிந்த வானத்தின் கீழ் பல இரவுகள் குளிர்ந்து கிடக்கும்போது, அதன் படிகங்கள் சர்க்கரை போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடுகின்றன. அதன்மேல் விழும் கனத்த புதுப்பனிக்கு உறுதியான அடித்தளம் அமைவதில்லை. அந்தப் பலவீனம் சில நாள்களில் சரியாவதும் இல்லை, வாரக்கணக்கில் நீடிக்கக்கூடியது. ஆகவே பருவத்தின் முதற் பெரும்பனியை நோக்கிக் குல்மார்க்குக்குப் புறப்படுபவர், வரவிருக்கும் சென்டிமீட்டர்களோடு அதற்கு முன்பு கடந்துபோன வறண்ட வாரங்களையும் உள்ளூர் வழிகாட்டியிடமும் காவல் குழுவிடமும் கேட்டறிந்து, பொழிவு நின்றபின் ஓரிரு நாள்கள் கீழ்ச்சரிவுகளோடு நிறுத்திக்கொள்ளும்படி விடுப்பைச் சற்று நீளமாகவே எடுத்துச் செல்ல வேண்டும்.