உங்களுக்குத் தெரியுமா? வெயில் ஊருக்கு ஏற்ற பால் காளான்
மொட்டுக் காளான் குளிர் கேட்கும். பால் காளானுக்கு 30–35 டிகிரி வெப்பமே இதம். வேங்கிக்கால் போன்ற வெயில் ஊர்களுக்கு அது வரப்பிரசாதம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட 'ஏபிகே 2' அந்த வகைதான்.

காளானில் உள்ள பீட்டா-குளுக்கான் என்ற நார்ப்பொருளை நம் வயிற்றால் செரிக்க முடியாது. அதுதான் அதன் அருமையே! பெருங்குடல்வரை போகும் அதை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய உணவு.

குடல் அழற்சி நோய்க்குக் காளான் மருந்தாகுமா? நார்வேயில் அகாரிகஸ் பிளேசி என்ற வேறொரு காளானின் சாற்றை நோயாளிகளுக்கு 21 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவுகள் ஓரளவு குறைந்ததாக 2016-இல் முடிவுகள் வெளியாயின. சிறிய ஆய்வுதான், அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில் காளானின் நார்ச்சத்து வயிற்றுவலியைக் கூட்டவும் செய்யலாம். மருத்துவரைக் கேட்டே சாப்பிடுங்கள்.