வெளிவராத மென்பொருளும் வெளியிடக்கூடாத படமும்

மாணவர்களே, உங்களுக்குப் பிடித்த கணினி விளையாட்டின் புதிய பதிப்பு இன்னும் வெளிவரவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கும்படி நிறுவனமே உங்களை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கை துறுதுறுக்கும். போடலாமா?

ஒரு மென்பொருளை நிறுவனத்துக்குள்ளேயே சோதிப்பது 'ஆல்ஃபா' கட்டம். வெளியாட்களிடம் கொடுத்துச் சோதிப்பது 'பீட்டா' கட்டம். இவை கிரேக்க மொழியின் முதல் இரண்டு எழுத்துகள். பீட்டாவிலும் இரு வகை உண்டு. எல்லாருக்கும் திறந்துவிடப்படும் பொதுச் சோதனையைப் பற்றிப் பெரும்பாலும் தாராளமாகப் பேசலாம். சிலருக்கு மட்டும் தரப்படும் சோதனையிலோ, ரகசியம் காப்பதாக நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே மென்பொருள் கைக்கு வரும். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவதும் வாக்குக் கொடுப்பதுதான்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? 2022 செப்டம்பரில், 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' விளையாட்டின் அடுத்த பாகத்திலிருந்து திருடப்பட்ட சுமார் 90 காணொளிகள் இணையத்தில் பரவின. வரைகலை சரியில்லை என்று பலர் கேலி செய்தார்கள். உண்மையில் அவை வேலை முடியாத காட்சிகள். பாதி வெந்த சோற்றைச் சுவைத்துவிட்டுச் சமையலைக் குறை சொல்லலாமா?

பாதுகாப்பும் ஒரு காரணம். சோதனைப் பதிப்பில் அடைக்கப்படாத ஓட்டைகள் இருக்கும். அவற்றைப் பொதுவில் விவரித்தால், சரிசெய்பவருக்கு முன்பே ஊடுருவுபவர் தெரிந்துகொள்வார்.

விளைவு நீதிமன்றம் வரையும் போகலாம். 'டைகர்' என்ற மெக் இயங்குதளம் 2005 ஏப்ரலில்தான் வெளிவந்தது. அதன் சோதனைப் பிரதியை இணையத்தில் பரப்பியதாக மூவர்மீது ஆப்பிள் நிறுவனம் 2004 டிசம்பரிலேயே வழக்குத் தொடுத்தது.

பெயரை மறைத்துப் பதிவிட்டால் தப்பலாம் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொருவரின் பிரதியிலும் கண்ணுக்குத் தெரியாத தனிக் குறியீட்டைப் பதிக்க முடியும். நீங்கள் எடுக்கும் படத்தில் அதுவும் சேர்ந்தே வரும்.

அப்படியானால் குறையைக் கண்டும் பேசாமல் இருப்பதா? இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். என்ன செய்தபோது, எந்தக் கருவியில், எந்தப் பதிப்பில் பிழை வந்தது என்று தயாரிப்பாளருக்கே எழுதுங்கள். வேறொருவர் கசியவிட்ட படம் உங்களிடம் வந்தால், அதை மேலும் பகிராதீர்கள்.

எதைப் பேசலாம் என்ற ஐயம் வந்தால், விதிமுறைகளை மீண்டும் ஒருமுறை படியுங்கள். நல்ல சோதனையாளருக்குக் கூர்மையான கண்ணும் வேண்டும்; காக்கத் தெரிந்த நாவும் வேண்டும்.