பகல் ஊரும் இரவு ஊரும்

திக்லிபூர் கடைத்தெருவில் சிறிய நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போது தெரு காலியாக இருக்கும். பத்து மணிக்குள் காளிகாட், ராம்நகர், மதுப்பூர் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் ஆபீசுக்கும் பாங்குக்கும் கொத்தனார் வேலைக்கும் வந்து இறங்கிவிடுவார்கள். மாலையில் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். நம் தீவில்தான் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறதே!

இந்தப் பகல் கூட்டம் எந்தக் கணக்கில் வருகிறது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் குடியிருக்கும் வீட்டில்தான் எண்ணுகிறது. 2011-இல் வேலைக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறீர்கள், நடையா, சைக்கிளா, பஸ்ஸா என்று கேட்டார்கள். அதையும் விவசாயிகளிடமும் விவசாயக் கூலிகளிடமும் வீட்டுத் தொழில் செய்வோரிடமும் கேட்கவில்லை. எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. ஊர்ப் பெயர் இல்லாமல் வரைபடம் போடுவது எப்படி? ஜப்பானில் வேலை செய்யும் ஊரையும் கேட்கிறார்கள். அதனால்தான் டோக்கியோவின் சியோடா பகுதியில் 2015-இல் இரவில் சுமார் 58,000 பேர், பகலில் சுமார் 8,53,000 பேர் என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

வியாபாரத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2002 செப்டம்பர் 14 அன்று நிலநடுக்கம் வட அந்தமானை உலுக்கியபோது விடியற்காலை நான்கு மணி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பூமி ஆடியது காலை ஆறரைக்கு. இரண்டு தடவையும் பெரும்பாலோர் வீட்டில் இருந்தோம். அதுவே ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்திருந்தால்? ஏரியல் பே படகுத்துறையில் எத்தனை பேர், பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர்? ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு தேடினால் பூட்டிய வீட்டைத்தான் தேடிக்கொண்டிருப்போம்.

எனவே பழுப்புத் தாளில் நானே ஊரை வரைந்து, தெரிந்த தமிழ்க் குடும்பங்களை என் மகளோடு போய் விசாரித்தேன். இரவுக்கு நீலப் புள்ளி, பகலுக்குச் சிவப்பு. சிவப்பெல்லாம் கடைத்தெருவிலும் படகுத்துறையிலும் போய்க் குவிந்தது. வீடுகளில் மிஞ்சியது பெரும்பாலும் பாட்டிகளும் கைக்குழந்தைகளும். ஆபத்து வந்தால் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு வீட்டில் கணவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டேன். "தெரியாதுண்ணே. காண்டிராக்டர் வண்டி வரும், ஏறிப் போவாரு" என்றார் அந்த அம்மாள். அவருக்குச் சிவப்புப் புள்ளி வைக்க இடமில்லை. தாளின் ஓரத்தில் வைத்திருக்கிறேன்.

விட்டுப்போன வீடுகள் நிறைய. தாள் கடைச் சுவரில்தான் தொங்குகிறது. அந்தப் பக்கம் வந்தால் உங்கள் புள்ளியையும் வைத்துவிட்டுப் போங்கள். பென்சில் நான் தருகிறேன்.