புறா ரத்தமும் நாலரை மணி நேரமும்

எங்கள் பக்கத்தில் அப்போது பக்கவாதம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. “வாதம் அடிச்சிருச்சு”, “ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு” என்பார்கள். விழுந்தவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, புறாவை அறுத்து, சூடு ஆறுமுன் அந்த ரத்தத்தை விளங்காத காலில் தேய்ப்பார்கள். அப்புறம் எண்ணெய், ஒத்தடம், குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன். இன்று சிரிப்பு வரும். ஆனால் அன்று பெரிய ஆஸ்பத்திரியிலும் கொடுக்க அதிகம் இல்லை. மண்டைக்குள் அடைப்பா, கசிவா என்று காட்டும் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியைப் படம் எடுத்ததே 1971இல், லண்டனில். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதத்துக்குப் போட அமெரிக்கா அனுமதி தந்தது 1996இல்.

அந்த ஊசியை நோய் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் கட்டாயம். கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே வினை. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வண்டி 2008இல் வந்தது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வாதம் வராமல் காக்கும் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. வாங்கி வைத்துக்கொண்டு, “நல்லாத்தானே இருக்கேன்” என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம். வாய் கோணினாலும் ஒரு சோடாவைக் குடிக்கவைத்து, “படுத்து எந்திரிச்சா சரியாயிடும், காலையில பார்த்துக்கலாம்” என்கிறோம். அடைப்பு ஏற்பட்ட மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்பது கணக்கு. விடிவதற்குள் எத்தனை நிமிடம்!

அன்று இது தாத்தாக்களின் நோய் என்றிருந்தோம். இன்று ஆட்டோ ஓட்டும் 45 வயதுக்காரரும் விழுகிறார். 25 வயதைத் தாண்டியவர்களில் நான்கு பேருக்கு ஒருவரை வாழ்நாளில் என்றாவது இது தாக்கும் என்கிறது உலகக் கணக்கு. அன்று கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். (பத்துப் பேரில் மலம் அள்ளியது மருமகள் ஒருத்திதான், அதை யாரும் சொல்வதில்லை.) இன்று அந்த மருமகளுக்கும் கம்பெனி வேலை. அவள் அதை விட்டால் ஒரே வீட்டில் இரண்டு சம்பளம் நிற்கிறது. பிள்ளையின் படிப்பு ஆடுகிறது. நோயாளிக் கணக்கில் ஏறுவதோ ஒரு பெயர்தான்.

முகம் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால், சோடாவைத் தேடாமல் மணியைப் பாருங்கள். 108ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். அங்கே டாக்டர் முதலில் கேட்பது இதுதான்: “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?”