கலைக்களஞ்சியத்துக்கு முந்திய காரியம்

ஒரு ஜனசமூகம் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளாத வரையில், பிறர் அதைப் பற்றி எழுதி வைத்த கணக்கே அதன் சரித்திரமாக நின்றுவிடும் என்பதற்கு, இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே ஏறியும் இறங்கியும் கிடக்கும் பூனாகலையையே எடுத்துக்கொள்வோம். எத்தனை ஏக்கரில் தேயிலை நின்றது, எத்தனை இறாத்தல் கொழுந்து நிறுக்கப்பட்டது, செக்ரோல் என்னும் ஆட்பதிவேட்டில் எத்தனை பேர் இருந்தனர் என்பவற்றையெல்லாம் தோட்ட நிர்வாகங்கள் எழுதி வந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களின் முன்னோர் தமிழகத்தில் எந்த ஊரைவிட்டு வந்தார்கள், மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றியபோது என்ன பாடினார்கள், ஒருவர் இறந்தால் மற்றவர் எப்படித் தோள் கொடுத்தார்கள் என்னும் விஷயங்களைச் சொல்லும் ஏடு எந்த நிர்வாகத்தின் அலமாரியிலும் இராது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில், தகரப் பெட்டியின் அடியில், பழைய கொப்பி ஒன்றாக அது கிடந்தால்தான் உண்டு.

இந்த நிலைமையை மாற்றவேண்டும் என்னும் ஆவல், இத்தகைய தோட்டங்கள் நிறைந்த மலையகத்து இளைஞரிடையே எழுந்திருப்பது மிகவும் சந்தோஷத்துக்குரியது. கணினி நிரல் எழுதக் கற்றவர்கள் இன்று தோட்டத்துப் பிள்ளைகளிலும் இருக்கிறார்கள். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் ஏற்பட்டிருக்கிறது. நண்பர் ஒருவரைத் துணை சேர்த்துக்கொண்டு, மலையகத்தைப் பற்றிய சகல விஷயங்களும் அடங்கிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கலாம் என்று அவர்களில் ஒருவர் எண்ணினால், அது வெறும் மனக்கோட்டை அன்று. ஆயினும் அதற்கு முந்திச் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது இன்னதென்பதை, இதே வழியில் நமக்கு முன் நடந்தவர்களின் அநுபவம் காட்டுகிறது.

தமிழில் இத்துறைக்கு வழி திறந்தவர்களில் ஈழத்தவரும் முன்வரிசையில் நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் ‘அபிதான கோச’த்தை வெளியிட்டார்; ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளிவந்தது. பின்னர், தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் அமைந்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனைப் பிரதம ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை ‘கலைக்களஞ்சிய’த்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. ஒருவர் தனித்து உழைத்தாராயினும், அறிஞர் பலர் கூடி உழைத்தாராயினும், எழுதுகிறவருக்குப் பின்னால் ஏற்கெனவே எழுதப்பட்ட கிரந்தங்கள் வரிசையாக நின்றன என்பது இம்முயற்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான உண்மை. புராணங்களும் இலக்கியங்களும் இல்லாமல் ‘அபிதான சிந்தாமணி’ பிறந்திருக்க வழியில்லை.

இணையம் வந்தபின் எழுதும் முறை மாறிற்று. ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நியூபீடியாவில், கற்றறிந்தவர்கள் எழுதிய கட்டுரைகள் ஏழு படிகளில் பரிசீலிக்கப்பட்டே வெளிவந்தன. ஆகையால் வேலை நகரவே இல்லை. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்னும் விதியோடு 2001 ஜனவரி 15ஆம் நாள் அவர்கள் ஆரம்பித்த விக்கிப்பீடியாவோ, எவரும் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கும் மென்பொருளை எழுதியவர், ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் அப்போது மாணவராயிருந்த மாக்னஸ் மான்ஸ்கே. 2002 ஜனவரியில் அது பாவனைக்கு வந்தது. பின்னர் லீ டானியல் கிராக்கர் அதை மாற்றி எழுத, மீடியாவிக்கி என்னும் பெயரில் நிலைபெற்றது. எவர் வேண்டுமானாலும் விலையின்றி எடுத்து, தம் தேவைக்கேற்பத் திருத்தி உபயோகிக்கலாம் என்ற உரிமையோடு அது வழங்கப்பட்டிருப்பதால், இன்று பூனாகலையில் உட்கார்ந்து ஒரு கலைக்களஞ்சியம் தொடங்க நினைப்பவருக்கு நிரல் எழுதும் பிரயாசையில் பெரும்பகுதி மிச்சமாகிவிடுகிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் உதயமாயிற்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கட்டடக் கலைஞராக ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழில் புரிந்த இ. மயூரநாதன், அலுவல் போக எஞ்சிய நேரத்தையெல்லாம் அதற்கே செலவிட்டு, அதன் ஆரம்பக் கட்டுரைகளில் மிகப் பலவற்றை எழுதினார். பிறகு பல தேசங்களிலிருந்து பலர் வந்து சேர்ந்தார்கள். 2017 மே மாதத்தில் கட்டுரைகளின் தொகை ஒரு லட்சத்தை எட்டியது. யாரும் எழுதலாம் என்னும் விதிக்குத் துணையாக, எழுதியதற்கு, வெளியிடப்பட்ட நம்பத்தக்க ஆதாரம் காட்டவேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. அது நியாயமான விதியே. அது இல்லையேல் கலைக்களஞ்சியத்துக்கும் வதந்திக்கும் பேதம் இராது.

மலையகத்துக்கு இடர்ப்பாடு நேர்வது இந்த இடத்தில்தான். யாழ்ப்பாணத்துக் கோயில் ஒன்றைப் பற்றி எழுதப் புகுபவருக்குத் தலபுராணம் உண்டு, மலர் உண்டு, பத்திரிகைக் குறிப்பு உண்டு. தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பற்றி எழுதப் புகுபவருக்கோ, பாட்டி சொன்ன கதையும், திருவிழா வரவுசெலவை யாரோ பென்சிலால் எழுதிய கொப்பியும் அன்றி வேறில்லை. பாட்டியின் கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆதாரம் கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இராது. எழுதிய பக்கம் நீக்கப்படும். வாழ்ந்ததற்குச் சான்றில்லை என்ற காரணத்தால் ஒரு சமூகம் இரண்டாம் முறையும் விடுபட்டுப் போகும்.

இரண்டாம் முறை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மறு வருஷத்துச் சட்டத்தின்படி உரிமை கோரியவர்கள், இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்ததைப் பத்திரங்களால் நிரூபிக்கவேண்டியதாயிற்று. கையில் துண்டுக் காகிதமும் இல்லாதவர் தம் ஆயுட்கால உழைப்பைக் காட்டி என்ன பயன்? 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பங்கிட்டபோது, குடும்பங்கள் பிரிந்ததோடு குடும்பங்களின் ஞாபகங்களும் கடலின் இரு கரைகளிலும் சிதறின.

இத்தகைய தேசத்தில் ஆதாரத்தைத் தேடுவதே தலையாய பணி என்பதை உணர்ந்து நடந்தவர்கள் இரண்டு இளைஞர்கள். 1998இன் தைப்பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவந்ததற்குப் பின், 2005இன் தைப்பொங்கலில், தி. கோபிநாத்தும், கட்டற்ற மென்பொருளுக்காக எழுதியும் உழைத்தும் வந்த மு. மயூரனும் சேர்ந்து நூலகம் என்னும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஈழத்து எழுத்துக்களைத் திரட்டி, எவரும் எங்கிருந்தும் இலவசமாகப் படிக்கும்படி செய்வது அவர்கள் நோக்கம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக அறிவை வைத்திருப்பதன் அபாயத்தை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பிரசுரங்களுமாகப் பல பத்தாயிரம் ஆவணங்கள் இன்று அங்கே சேர்ந்திருக்கின்றன. அந்தத் தளம் இயங்குவதும் மீடியாவிக்கியில்தான். ஆவணங்களை ஒட்டி, எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் பற்றிய ஆளுமைக் குறிப்புகள் ஒவ்வொன்றாகச் சேர, நூலகமே மெல்ல மெல்லக் கலைக்களஞ்சியத்தின் ஸ்வரூபத்தையும் அடைந்து வருகிறது. இந்த வரிசைக் கிரமமே நாம் கற்கவேண்டிய பாடம்.

மலையகத்தில் அச்சேறியவையும் இல்லாமற் போகவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்கள் பாடல்களைத் திரட்டினார். பதுளைக்கு அருகே தோட்டமொன்றில் பிறந்து, தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட ஜோசப், ‘காலங்கள் சாவதில்லை’ நாவலையும் ‘நாமிருக்கும் நாடே’ கதைகளையும் எழுதியதோடு நில்லாமல், பிறர் எழுதிய மலையகச் சிறுகதைகளையும் தேடித் தொகுத்தார். 2022இல் அவர் மறைந்தபோது, ஊவாவைப் பற்றிய நடமாடும் ஆவணக் காப்பகம் ஒன்றையே நாம் இழந்தோம்.

ஆயினும் அச்சேறாதவையே மிகுதி. அவற்றைத் திரட்டும் வேலை எப்படி நடக்கும் என்பதைச் சற்றே கிட்ட இருந்து பார்ப்போம். காமன் கூத்துப் பாட்டுக் கொப்பி ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மலைநாட்டு ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நடுவே குத்திய கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கும். கம்பியை மெதுவாக நீக்கி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்யவேண்டும். வெற்றுப் பக்கத்தையும் விடலாகாது. எழுதியவர் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு, எவரிடமிருந்து கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். உரியவரின் சம்மதத்தைப் பெற்று, மூலக் கொப்பியை அவரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும். பாட்டறிந்த கூத்து வாத்தியார் இருந்தால், தப்பின் அடியோடு அவரைப் பாடச் செய்து ஒலிப்பதிவு செய்யவேண்டும். ஏனெனில் தாளில் சொல் இருக்குமேயன்றி ராகம் இராது.

இதைத் தாமதிக்க இடமில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மனிதரோடு மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலையிலேயே கபரகலைப் பகுதியில் மண் சரிந்து வீடுகள் அழிந்தன. உயிர் பிழைத்தவர்கள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை; அதை எதிர்பார்ப்பதும் தர்மமாகாது. அபாயம் வருமுன்பே அந்தப் பெட்டிகளைத் திறந்து படியெடுத்துக்கொள்வது நம் கடன்.

ஆகையால் கலைக்களஞ்சியம் காண விழையும் இளைஞருக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே: முதலீடு தேடுவதற்கு முன் முதியோரைத் தேடுங்கள். மரணாதாரச் சங்கப் பதிவேடு, கோயில் கணக்கு, தொழிற்சங்கச் சந்தாத் துண்டு, பாடசாலை மலர், கல்யாணப் பத்திரிகை ஆகிய இவை யாவும் சரித்திரத்தின் மூலங்களே என்று எண்ணித் திரட்டுங்கள். அந்த அஸ்திவாரத்தின்மீது எழுதப்படும் பூனாகலைக் கட்டுரையை ஆதாரமில்லை என்று சொல்லி நீக்குவது எவருக்கும் எளிதாயிராது. தன்னை வளர்த்த மலைக்குக் கணினி கற்ற பிள்ளை செய்யக்கூடிய கைங்கரியங்களில் இதனினும் மேலானதை நான் அறியேன்.