யோர்தானுக்கு அப்பால்

2005ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவின் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவாகிய ‘கார்ன்’ தன் கிட்டார் கலைஞர் பிரையன் வெல்ச்சை இழந்தது. 1993இல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரில் அக்குழு உருவானபோதே இருந்தவர். ‘ஹெட்’ என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். 1998இல் வெளியான ‘ஃபாலோ தி லீடர்’ இசைத்தொகுப்பு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

பணம் வந்த வீட்டிற்குள் மெத்தாம்பெட்டமின் என்னும் கொடிய போதைப்பொருளும் வந்தது. மணவாழ்வு முறிந்தது; பெண் குழந்தையைத் தனியே வளர்க்க நேர்ந்தது. தம் குழுவின் ஆபாசப் பாடலொன்றை அச்சிறுமியே பாடக் கேட்டபோது அவர் உடைந்துபோனார். சபைக்குச் சென்றார், போதையை விட்டார், குழுவை விட்டு விலகிய மறுமாதமே, செய்தியாளர்களின் கேமராக்கள் சூழ, யோர்தான் நதியில் ஞானஸ்நானம் பெற்றார்.

அந்தக் கேமராக்கள்தாம் என்னை உறுத்துகின்றன. போதகர்களாகிய நாங்களும், காயம் ஆறுமுன்னே புதிய ஆத்துமாவைச் சாட்சி மேடையில் ஏற்றிவிடுகிறோமே! நானும் ஏற்றியிருக்கிறேன். ஞானஸ்நானத்திற்குப் பின்னும் ஹெட்டின் போராட்டம் ஓயவில்லை. பணநெருக்கடி வந்தது. வளர்ந்த மகள் மனச்சோர்வுற்றுத் தன்னையே காயப்படுத்திக்கொண்டாள். 2016இல் வெளியான தம் நூலில் இவற்றை அவர் மறைக்காமல் எழுதினார்.

2013இல் அவர் ‘கார்ன்’ குழுவிற்கே திரும்பினார். பின்வாங்கிப்போனார் என்று விசுவாசிகள் சிலர் தீர்ப்பளித்தனர். அவரோ விசுவாசத்தை விடவில்லை; நிகழ்ச்சி முடிந்தபின் ரசிகர்களுக்காக ஜெபித்தார். 2018இல் வந்த ‘லவுட் கிரேசி லவ்’ ஆவணப்படத்தில் தந்தையும் மகளும் தங்கள் கதையைத் தாங்களே சொல்லுகிறார்கள்.