ரிட்ஜ் காட்டைச் சூழ்ந்த அயல் மரம்: அரசுக்கு வழிகாட்டத் தன்னார்வ வல்லுநர்கள் தேவை

புதுதில்லி: தலைநகரின் ரிட்ஜ் காடுகளில் இன்று ஓங்கி நிற்பது, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நடப்பட்ட "விலாயத்தி கீகர்". தமிழகத்தில் சீமைக் கருவேலம் எனப்படுவதும் இதுவே. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஒரேயடியாக அகற்றினால் நகரின் பசுமைப் போர்வை குலையும். எங்கே, எந்த வரிசையில் அகற்றி, எந்த நாட்டு மரங்களை நடுவது என்பதே சிக்கல்.

அயல் இனங்கள் புகுந்து வேரூன்றும் வேகத்தை 2030-க்குள் குறைந்தது 50 சதவீதம் குறைக்க, 2022-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியாவும் அதில் அடக்கம்.

சென்னையில் இயங்கும் தேசிய பல்லுயிர் ஆணையம் வல்லுநர் குழுக்களை அமைக்கவும், உள்ளாட்சிகள்தோறும் மேலாண்மைக் குழுக்கள் அமையவும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்துள்ளது. ஊதியம் கருதாத தாவரவியலாளர்களும், மண்ணை அறிந்த மேய்ப்பர்களும் இக்குழுக்களுக்கு முன்வர வேண்டும். அரசும் அவர்களைத் தேடி அழைக்க வேண்டும். இல்லையேல் இலக்கு ஏட்டளவிலேயே நின்றுவிடும்.